இழந்த நிலமும் எஞ்சிய நாடும்: டென்மார்க்கின் வரலாற்றை முன்வைத்து நாட்டுப் பெருமை பற்றிய ஓர் ஆய்வு

ஒரு நாட்டின் பெருமையை அதன் பரப்பளவாலும் படைபலத்தாலும் கருவூலத்தின் நிறைவாலும் அளப்பது மன்னராட்சிக் காலத்திலிருந்தே தொடரும் வழக்கம். மொத்த உள்நாட்டு உற்பத்தியைக் கொண்டு நாடுகளை வரிசைப்படுத்தும் இன்றைய முறை அவ்வழக்கத்தின் புதிய வடிவமேயன்றி வேறன்று. இவ்வளவைகள் வல்லமையை, அதாவது பிறர்மீது தன் விருப்பத்தைச் செலுத்தும் ஆற்றலைக் காட்டுகின்றன. பெருமை என்பது அதனினும் வேறானது என்றும், குடிமக்கள் தம்முள் கூடி எவ்வளவு செய்ய இயல்கிறது, அக்கூட்டத்துக்கு வெளியே எவரெல்லாம் நிறுத்தப்பட்டிருக்கின்றனர் என்னும் இரு கேள்விகளுக்கான விடைகளைச் சேர்த்தே அதை மதிப்பிட வேண்டும் என்றும் இக்கட்டுரை வாதிடுகிறது. வல்லமையைப் படிப்படியாக இழந்த பின்னரும் உலகின் மதிப்பைப் பெற்ற டென்மார்க் இவ்வாதத்தைச் சோதிப்பதற்கு ஏற்ற களமாகும்.

நெப்போலியப் போர்களில் தோற்ற தரப்பில் நின்ற டென்மார்க், 1814இல் கீல் உடன்படிக்கையின் வழியாக நார்வேயை இழந்தது. தஞ்சை நாயக்க மன்னர் இரகுநாதரின் இசைவுடன் 1620இல் தரங்கம்பாடியில் கோட்டை எழுப்பிய அதே அரசு, 1845இல் அவ்வூரை ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விற்றுவிட்டு வெளியேறியது. இவற்றினும் கொடிய அடி 1864இல் விழுந்தது. பிரஷ்யாவும் ஆஸ்திரியாவும் சேர்ந்து தொடுத்த போரில் டிப்பெல் அரண்கள் ஏப்ரல் 18 அன்று வீழ்ந்தன. அவ்வாண்டின் அக்டோபரில் கையெழுத்தான வியன்னா உடன்படிக்கை ஷ்லெஸ்விக், ஹோல்ஸ்டைன், லாவன்பர்க் ஆகிய மூன்று பகுதிகளையும் பறித்துக்கொண்டது. நிலத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கும், மக்கள்தொகையில் அதனினும் மிகுந்த பங்கும் ஒரே கையெழுத்தில் போயின.

புறத்தே இழந்ததை அகத்தே மீட்டனர் என்பது இதற்குப் பின்வந்த காலத்தைப் பற்றி டேனியர் தமக்குத் தாமே சொல்லிக்கொள்ளும் கதை. டால்காஸ் என்னும் பொறியாளரின் முன்முயற்சியில் 1866இல் தோன்றிய தரிசுநில மேம்பாட்டுக் கழகம், யூட்லாந்தின் மணற்பாங்கான புதர்க்காடுகளை உழுநிலமாகவும் மரத்தோப்பாகவும் மாற்றியது இக்கதைக்குக் கண்கூடான சான்றாகக் காட்டப்படுகிறது. கதை பொய்யன்று, ஆனால் தோல்வியே ஒரு மக்களைத் திருத்திவிடும் என்ற எண்ணத்தை அது வளர்க்கிறது. அரசியலில் நிகழ்ந்ததோ நேர்மாறானது. 1849ஆம் ஆண்டின் அரசமைப்பு பரவலாக வழங்கியிருந்த உரிமைகளை 1866ஆம் ஆண்டுத் திருத்தம் சுருக்கி, மேலவையைப் பெருநிலக்கிழார்களும் பெருவரி செலுத்துவோரும் ஆளும் இடமாக்கியது. அவ்வவையின் துணையுடன் 1875 முதல் 1894 வரை தலைமை அமைச்சராக இருந்த எஸ்ட்ரூப், மக்களவை வரவுசெலவுத் திட்டத்தை ஏற்க மறுத்தபோதெல்லாம் தற்காலிகச் சட்டங்களின்வழி பணம் எடுத்துக் கோபன்ஹேகனைச் சுற்றிப் பெரும் அரண்களைக் கட்டினார். அவ்வரண்கள் ஒரு முற்றுகையையும் சந்திக்காமலே முதல் உலகப் போருக்குப் பின் கைவிடப்பட்டன. ஒரே தோல்வியிலிருந்து ஒரு சாரார் மதில் எழுப்பவும் மற்றொரு சாரார் வேறொன்றைக் கட்டவும் புறப்பட்டனர் என்றால், அவ்வேறுபாட்டுக்குக் காரணம் தோல்வியாக இருக்க முடியாது. அதற்கு முந்தியதாகவே இருக்க வேண்டும்.

அம்முந்திய காரணங்களுள் முதலாவது நிலம் பற்றியது. குடியானவ ஆண்கள் தாம் பிறந்த பண்ணையெல்லையை விட்டு வெளியேறலாகாது என 1733இல் விதிக்கப்பட்ட கட்டு 1788இல் நீக்கப்பட்டது. அதைத் தொடர்ந்து சிதறிக் கிடந்த வயல்துண்டுகள் ஒருங்கிணைக்கப்பட்டு, குத்தகையாளர் பலர் காலப்போக்கில் உடைமையாளர் ஆயினர். இரண்டாவது 1814இல் வந்த கட்டாயக் கல்வி. நார்வேயை இழந்த அதே ஆண்டில் பண நெருக்கடியில் சிக்கியிருந்த அரசு, சிற்றூர்ப் பிள்ளைகளுக்கும் பள்ளி உண்டு என்று சட்டம் செய்தது. மூன்றாவது மக்கள் உயர்பள்ளி. போதகரும் கவிஞருமான கிருண்ட்விக்கின் சிந்தனையில் உருவான இப்பள்ளி, பதினெட்டு வயது கடந்த உழவர் பிள்ளைகள் வேலை குறைந்த குளிர்காலத்தில் தங்கிப் பயிலும் இடம். தேர்வும் பட்டமும் அதற்கில்லை. வரலாறும் தாய்மொழியும் பாட்டும் உரையாடலுமே அங்குப் பாடங்கள். முதற்பள்ளி 1844இல் வடக்கு ஷ்லெஸ்விக்கின் ரெடிங் என்னும் ஊரில் தொடங்கியது. 1864இல் அவ்வூர் பிரஷ்யர் வசமானபோது, ஆசிரியர்கள் அடுத்த ஆண்டே புதிய எல்லைக்கு வடக்கே அஸ்கோ என்னும் ஊரில் பள்ளியைத் தொடர்ந்தனர். வேளாண்மை நுட்பத்தை இப்பள்ளிகள் அதிகம் கற்பிக்கவில்லை என்பதால் பொருளியல் அறிஞர் சிலர் இவற்றின் பங்கைக் குறைத்தே மதிப்பிடுவர். ஆயினும் அந்நியரோடு ஒரே மேசையில் அமர்ந்து வாதாடவும், கூட்டத்தில் எழுந்து பேசவும், முடிவுக்குக் கட்டுப்படவும் பழகிய ஒரு தலைமுறையின் பயன் பாடத்திட்டத்தில் தென்படாது.

அப்பயன் வெளிப்பட்ட இடம் பால்பண்ணை. 1870களில் அமெரிக்காவிலிருந்தும் ரஷ்யாவிலிருந்தும் மலிவான தானியம் ஐரோப்பியச் சந்தைகளில் குவிந்து, தானிய ஏற்றுமதியை நம்பியிருந்த டேனிய உழவர்களின் வருவாய் சரிந்தது. ஜெர்மனியைப் போன்ற நாடுகள் சுங்கவரி விதித்துத் தம் உழவர்க்கு வேலி கட்டின. டென்மார்க்கோ மலிவுத் தானியத்தைத் தீவனமாக வாங்கி, வெண்ணெயையும் பன்றி இறைச்சியையும் இங்கிலாந்துக்கு விற்கும் வழிக்குத் திரும்பியது. அக்காலத்தில் புழக்கத்துக்கு வந்த பாலேடு பிரிக்கும் எந்திரம் இதற்கு உதவியது எனினும், அதன் விலை மூன்று நான்கு மாடுகள் வைத்திருக்கும் உழவருக்கு எட்டாதது. 1882இல் மேற்கு யூட்லாந்தின் யெடிங் என்னும் சிற்றூரில் உழவர்கள் கூடி எந்திரத்தைப் பொதுவில் வாங்கினர். நாட்டின் முதல் கூட்டுறவு வெண்ணெய் ஆலை அதுவே. உறுப்பினர் ஒவ்வொருவரும் வீட்டுத் தேவை போக எஞ்சிய பால் முழுவதையும் ஆலைக்கே தர ஒப்பந்தத்தால் கட்டுண்டனர். ஆலைக்காக வாங்கிய கடனுக்கு எல்லோரும் கூட்டுப் பொறுப்பேற்றனர். மாடுகளின் எண்ணிக்கை எதுவாயினும் ஆளுக்கு ஒரு வாக்கே என்னும் விதி கூட்டுறவு ஆலைகளில் பரவலாக நிலைபெற்றது. ஏடு நீக்கிய பால் உழவர் வீட்டுக்கே திரும்பிப் பன்றிகளுக்கு உணவாயிற்று. உயிருள்ள பன்றிகளின் இறக்குமதியை ஜெர்மனி தடுத்த 1887இலேயே ஹோர்சென்ஸ் நகரில் முதல் கூட்டுறவு இறைச்சி ஆலை எழுந்ததும் இத்தொடர்ச்சியால்தான். இருபது ஆண்டுகளுக்குள் ஏறத்தாழ ஆயிரம் வெண்ணெய் ஆலைகள் இம்முறையில் இயங்கின.

இதைக் கண்டு டேனியர் இயல்பாகவே நேர்மையாளர் என்று வியந்தெழுதிய அயல்நாட்டார் பலர். அது அவசர முடிவு. பாலில் தண்ணீர் கலக்கும் ஆசை எல்லா நாட்டு உழவர்க்கும் பொது. 1880களின் பிற்பகுதியில் ஃபியோர்ட் என்னும் ஆய்வாளர் உருவாக்கிய கொழுப்பளவைக் கருவி வந்து, பாலுக்கான விலை அதன் கொழுப்பைப் பொறுத்தது என்றானபோது அவ்வாசை பயனற்றுப் போயிற்று. கணக்கைப் படித்தறியக் கூடிய உறுப்பினர், எவர்க்கும் பொதுவான அளவுகோல், பெரியவரின் குரலைச் சிறியவரின் குரலுக்கு நிகராக்கும் விதி ஆகிய மூன்றும் சேர்ந்த இடத்தில் நம்பிக்கை விளைந்தது. குணத்திலிருந்து அமைப்பு தோன்றியது என்பதைவிட அமைப்பிலிருந்து குணம் வளர்ந்தது என்பதே சான்றுகளுக்குப் பொருந்தும்.

யெடிங் ஆலை தொடங்கிய 1882ஆம் ஆண்டிலேயே பிரெஞ்சு அறிஞர் ரெனான், பாரிஸின் சோர்போன் அரங்கில் தேசம் என்றால் என்ன என்பது பற்றிய தம் உரையை ஆற்றினார். இனமோ மொழியோ தேசத்தை ஆக்குவதில்லை, கூடி வாழ நாள்தோறும் புதுப்பிக்கப்படும் இசைவே அதை ஆக்குகிறது என்றும், பொதுவான துயரம் பொதுவான வெற்றியைவிட வலிமையாகப் பிணைக்கிறது என்றும் அவர் வாதிட்டார். முற்பகுதியை டேனிய அனுபவம் உறுதி செய்கிறது. பிற்பகுதிக்கு ஒரு திருத்தம் வேண்டும். 1871இல் அல்சாஸின் பெரும்பகுதியையும் லொரேனின் ஒரு பகுதியையும் இழந்த பிரான்சிலும் அதே துயரம் இருந்தது. ஆனால் அங்கு அது பழிவாங்கும் எண்ணத்தையும் வளர்த்தது. துயரம் பிணைக்கும், எதை நோக்கிப் பிணைக்கும் என்பதை அது தீர்மானிப்பதில்லை.

இழந்த நிலம் திரும்பும் வாய்ப்பு வந்தபோது டென்மார்க் நடந்துகொண்ட விதம் இவ்வகையில் கருதத்தக்கது. முதல் உலகப் போரில் ஜெர்மனி தோற்றபின் 1920இல் ஷ்லெஸ்விக்கில் பொதுவாக்கெடுப்பு நடந்தது. வடபகுதியில் முக்கால்வாசிப் பேர் டென்மார்க்கையும், பிளென்ஸ்பர்க் நகரை உள்ளடக்கிய நடுப்பகுதியில் ஐந்தில் நான்கு பங்கினர் ஜெர்மனியையும் தேர்ந்தனர். வாக்கெடுப்பு எப்படியிருப்பினும் பிளென்ஸ்பர்க் வேண்டும் என்ற குரல் ஓங்க, மன்னர் பத்தாம் கிறிஸ்டியன் அமைச்சரவையைப் பதவிநீக்கும் அளவுக்குச் சென்று, பொதுவேலைநிறுத்த அச்சுறுத்தலின் முன் பின்வாங்க நேர்ந்தது. 1945க்குப் பின் ஜெர்மனி மீண்டும் வீழ்ந்து கிடந்தபோது எல்லையைத் தெற்கே நகர்த்த விரும்பிய தலைமை அமைச்சர் க்னூட் கிறிஸ்டென்சென் 1947இல் நாடாளுமன்றத்தின் நம்பிக்கையை இழந்தார். வல்லமையை அளவுகோலாகக் கொள்பவர்க்கு இவை தவறவிட்ட வாய்ப்புகள். பிறர் இசைவின்றிப் பெறும் நிலம் நாட்டைப் பெரிதாக்குமேயன்றிப் பெருமைப்படுத்தாது என்று கருதுவோர்க்கு இவையே டேனிய வரலாற்றின் உச்சங்கள்.

இனி, கூட்டத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டோர் பற்றிய கேள்வி. 1849ஆம் ஆண்டின் புகழ்பெற்ற அரசமைப்பு பெண்களுக்கும், பிறர் வீட்டில் வேலை செய்வோருக்கும், வறியோர் உதவி பெற்றோருக்கும் வாக்குரிமை தரவில்லை. 1915வரை பெண்களும் வேலையாட்களும் காத்திருக்க வேண்டியிருந்தது. ஆளுக்கொரு வாக்கு என்ற கூட்டுறவு விதியும் மாடு வைத்திருந்தவர்க்கே உரியது. மாடு கறந்த கூலியாளுக்கு அதில் இடமில்லை. ஆயினும் இக்குறைகள் உள்நாட்டுப் போராட்டங்களால் பெரிதும் களையப்பட்டன. கிரீன்லாந்து அவ்வாறன்று. அங்கிருந்து 1951இல் இன்யூட் குழந்தைகள் 22 பேர் டேனியராக வளர்க்கப்படுவதற்கென டென்மார்க்குக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அதற்கான அரசின் மன்னிப்பு 2020இல்தான் வந்தது. 1953ஆம் ஆண்டின் அரசமைப்பு கிரீன்லாந்தை டேனிய அரசின் உறுப்பாக்கியபோது, அவ்வரசமைப்பின்மீது நடந்த வாக்கெடுப்பில் அத்தீவின் மக்கள் கேட்கப்படவில்லை. பிளென்ஸ்பர்க் மக்களின் விருப்பத்தை 1920இல் மதித்த ஒரு நாடு, முப்பத்துமூன்று ஆண்டுகளுக்குப் பின் அதே மதிப்பைத் தன் வடக்குக் குடிகளுக்குத் தர மறந்தது. கிரீன்லாந்தியர் தனி மக்கள் என்றும், விடுதலையை முடிவு செய்யும் உரிமை அவர்களுடையது என்றும் ஏற்றுக்கொண்ட தன்னாட்சிச் சட்டம் 2009இல்தான் நடைமுறைக்கு வந்தது. அவ்வுரிமை செயலாகும் நாளில் கோபன்ஹேகன் எடுக்கும் நிலைப்பாடு, 1920ஆம் ஆண்டின் முடிவு கொள்கையால் நேர்ந்ததா சூழலால் நேர்ந்ததா என்பதற்கும் விடை தரும்.