கம்பியில்லா அச்சுப்பொறியின் வலையமைப்பு மீளிணைப்பு

கம்பியில்லா அச்சுப்பொறியின் வலையமைப்பு மீளிணைப்பு என்பது, வீட்டு வலையமைப்பில் மாற்றம் ஏற்பட்ட பின் அச்சிட மறுக்கும் வைஃபை அச்சுப்பொறியை மீண்டும் கணினிகளுடனும் கைபேசிகளுடனும் தொடர்புறச் செய்யும் வழிமுறை ஆகும். ரவுட்டர் எனப்படும் திசைவியை மாற்றுதல், இணையச் சேவை வழங்குனரை மாற்றுதல், வைஃபை கடவுச்சொல்லை மாற்றுதல் ஆகியன இத்தகைய மாற்றங்களுள் அடங்கும். இந்நிலையில் அச்சுப்பொறி பழுதாகிவிட்டது என்று கருதிப் பலர் புதிய கருவி வாங்க முற்படுகின்றனர். ஆனால் பெரும்பாலும் கருவியில் பழுது எதுவும் இருப்பதில்லை. அச்சுப்பொறி பழைய வலையமைப்பைத் தேடிக்கொண்டிருக்கும். அல்லது கணினி, அச்சுப்பொறியின் பழைய முகவரிக்கே கோப்புகளை அனுப்பிக்கொண்டிருக்கும். இவ்விரண்டில் எது நிகழ்ந்துள்ளது என்பதைப் பிரித்தறிவதே சீரமைப்பின் முதற்படியாகும்.

பின்னணி

கம்பியில்லா உள்ளக வலையமைப்புக்கான ஐஈஈஈ 802.11 சீர்தரம் 1997 ஆம் ஆண்டு வெளியானது. 1999 இல் வெளியான 802.11பி சீர்தரம் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் நொடிக்கு 11 மெகாபிட் வரையான வேகத்தைத் தந்தது. இதன் பின்னரே வைஃபை வீடுகளில் பரவலானது. யூஎஸ்பி வடத்தின் மூலம் ஒரு கணினியுடன் மட்டும் இணைக்கப்பட்டிருந்த அச்சுப்பொறி, இதனால் வீட்டில் உள்ள அனைவருக்கும் பொதுவான கருவியானது.

யூஎஸ்பி வடத்தைச் செருகியவுடன் கணினி அச்சுப்பொறியை அடையாளம் கண்டுகொள்ளும். கம்பியில்லா அச்சுப்பொறியோ வலையமைப்பின் பெயர், கடவுச்சொல், தனக்குக் கிடைத்த முகவரி ஆகியவற்றைச் சார்ந்து இயங்குகிறது. இவற்றுள் ஒன்று மாறினாலும் தொடர்பு அறுபடும்.

இரு இணைப்புகள்

அச்சிடுவதற்கு இரண்டு தனித்தனி இணைப்புகள் தேவை.

முதல் இணைப்பு அச்சுப்பொறிக்கும் திசைவிக்கும் இடையிலானது. அச்சுப்பொறி தன் நினைவகத்தில் வலையமைப்பின் பெயரையும் (எஸ்எஸ்ஐடி) கடவுச்சொல்லையும் சேமித்து வைத்திருக்கும். அப்பெயருடைய வலையமைப்பைக் கண்டு, கடவுச்சொல் பொருந்தினால் மட்டுமே இணையும்.

இரண்டாம் இணைப்பு கணினிக்கும் அச்சுப்பொறிக்கும் இடையிலானது. வலையமைப்பில் இணையும் ஒவ்வொரு கருவிக்கும் திசைவி ஓர் ஐபி முகவரியை வழங்குகிறது. இம்முகவரிகளைத் தானாகவே பகிர்ந்தளிக்கும் நெறிமுறை டிஎச்சிபி எனப்படும். கணினியில் அச்சுப்பொறியை நிறுவும்பொழுது, பல வேளைகளில் இம்முகவரியே பதிவாகிவிடுகிறது. எடுத்துக்காட்டாக, பழைய திசைவி 192.168.1.20 என்னும் முகவரியை வழங்கியிருக்கலாம். புதிய திசைவி 192.168.0.7 என்பதை வழங்கலாம். அச்சுப்பொறி புதிய வலையமைப்பில் சரியாக இணைந்திருந்தாலும், கணினி பழைய முகவரியில் அதைத் தேடி, ஆஃப்லைன் எனக் காட்டும்.

எந்த இணைப்பு அறுந்தது எனக் கண்டறிதல்

1. முதலில் திசைவியையும், அது முழுமையாக இயங்கத் தொடங்கிய பின்னர் அச்சுப்பொறியையும், இறுதியாகக் கணினியையும் நிறுத்தி மீண்டும் தொடக்க வேண்டும். தற்காலிகத் தடங்கல்கள் இதனாலேயே நீங்கக்கூடும்.

2. அச்சுப்பொறியின் பட்டியில் இருந்து வலையமைப்பு நிலைப் பக்கத்தை அச்சிட வேண்டும். இதற்குக் கணினி தேவையில்லை. திரை இல்லாத கருவிகளில் எந்தப் பொத்தான்களை அழுத்தவேண்டும் என்பது கையேட்டில் தரப்பட்டிருக்கும். இப்பக்கத்தில் வலையமைப்பின் பெயரும் ஐபி முகவரியும் காணப்படும்.

3. பழைய வலையமைப்பின் பெயர் காணப்பட்டாலோ, முகவரி 0.0.0.0 என்றோ 169.254 எனத் தொடங்கியோ இருந்தாலோ, முதல் இணைப்பு நிறைவுறவில்லை எனக் கொள்ளலாம். 169.254 எனத் தொடங்கும் முகவரி திசைவி தந்ததன்று. முகவரி எதுவும் கிடைக்காதபொழுது கருவி தனக்குத்தானே இட்டுக்கொள்வது.

4. முகவரி முறையாக இருந்தால், அதன் முதல் மூன்று எண்களைக் கணினியின் ஐபி முகவரியுடன் ஒப்பிட வேண்டும். பெரும்பாலான வீட்டு வலையமைப்புகளில் இவை ஒன்றாக இருக்கும்.

5. எண்கள் ஒத்திருந்தால், அச்சுப்பொறியின் முகவரியைக் கணினியின் உலாவியில் உள்ளிட வேண்டும். பல அச்சுப்பொறிகள் தமக்குள் ஒரு சிறிய இணையப் பக்கத்தைக் கொண்டுள்ளன. அப்பக்கம் திறந்தால் வலையமைப்பில் குறையில்லை. கணினியில் உள்ள அமைப்பையே திருத்தவேண்டும். 1983 இல் மைக் மியூஸ் எழுதிய பிங் என்னும் கட்டளையாலும் இச்சோதனையைச் செய்யலாம்.

முதல் இணைப்பைச் சீரமைத்தல்

அச்சுப்பொறியின் பட்டியில் உள்ள கம்பியில்லா அமைப்பு என்னும் பகுதிக்குச் சென்று, புதிய வலையமைப்பைத் தேர்ந்தெடுத்துக் கடவுச்சொல்லை உள்ளிடுவது பொதுவான முறை. திரை இல்லாத கருவிகளில், தயாரிப்பாளரின் செயலியையோ டபிள்யூபிஎஸ் பொத்தானையோ பயன்படுத்தலாம். திசைவியில் இப்பொத்தானை அழுத்திய பின் இரண்டு நிமிடங்களுக்குள் அச்சுப்பொறியிலும் அழுத்தவேண்டும்.

மாற்று வழி ஒன்றும் உண்டு. பழைய திசைவியில் இருந்த அதே பெயரையும், அதே கடவுச்சொல்லையும், அதே பாதுகாப்பு வகையையும் புதிய திசைவிக்கு இட்டால், அச்சுப்பொறி மட்டுமன்றி வீட்டில் உள்ள மற்றக் கருவிகளும் தாமாகவே இணைந்துகொள்ளும். பெயரில் உள்ள பெரிய எழுத்து, சிறிய எழுத்து, இடைவெளி ஆகியனவும் மாறாதிருக்க வேண்டும். டபிள்யூபிஏ2 முறையில் மறையாக்கச் சாவி, கடவுச்சொல்லுடன் பெயரையும் சேர்த்தே கணிக்கப்படுகிறது. பழைய கடவுச்சொல் அயலாருக்குத் தெரிந்துவிட்டது என்பதற்காகவே மாற்றம் செய்யப்பட்டிருந்தால் இவ்வழி ஏற்றதன்று.

கடவுச்சொல் சரியாக இருந்தும் இணையாவிட்டால், பின்வருவனவற்றை ஆராயவேண்டும்.

அலைவரிசை: வீட்டு அச்சுப்பொறிகள் பலவற்றுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை மட்டுமே தெரியும். புதிய திசைவியில் 5 கிகாஹெர்ட்ஸ் மட்டும் இயங்கினால், அச்சுப்பொறியின் பட்டியலில் அவ்வலையமைப்பு தோன்றாது. திசைவியில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையையும் இயக்க வேண்டும்.

பாதுகாப்பு வகை: 2018 இல் அறிமுகமான டபிள்யூபிஏ3 முறையைப் பழைய அச்சுப்பொறிகள் அறியா. திசைவியில் டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 ஆகிய இரண்டையும் ஏற்கும் கலப்பு நிலையைத் தேர்ந்தெடுக்கலாம். சில கருவிகள் கலப்பு நிலையிலும் இணைவதில்லை. அவற்றுக்கு டபிள்யூபிஏ2 மட்டும் உள்ள நிலை தேவைப்படும்.

அலைத்தடம்: 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இந்தியாவில் 1 முதல் 13 வரையான தடங்கள் பயன்படுகின்றன. ஐக்கிய அமெரிக்கச் சந்தைக்கான கருவிகள் பொதுவாக 11 ஆம் தடத்துடன் நின்றுவிடுகின்றன. அங்கிருந்து கொண்டுவரப்பட்ட அச்சுப்பொறி, 12 அல்லது 13 ஆம் தடத்தில் இயங்கும் திசைவியைக் காணாது. தடத்தை 1, 6, 11 ஆகியவற்றுள் ஒன்றாக மாற்றினால் போதும்.

நிலையான முகவரி: முன்னர் ஒருவர் அச்சுப்பொறியில் ஐபி முகவரியைக் கையால் இட்டிருந்தால், திசைவி மாறிய பின்னும் அதுவே நீடிக்கும். இதைத் தானியங்கி நிலைக்கு மாற்றவேண்டும்.

இரண்டாம் இணைப்பைச் சீரமைத்தல்

கணினியில் உள்ள பழைய அச்சுப்பொறிப் பதிவை நீக்கிவிட்டு, அச்சுப்பொறியைப் புதிதாகச் சேர்ப்பது எளிய முறை. விண்டோஸ் இயக்குதளத்தில், அச்சுப்பொறியின் பண்புகளில் போர்ட் என்னும் பகுதிக்குச் சென்று, புதிய ஐபி முகவரி கொண்ட போர்ட்டைச் சேர்த்தும் இதைச் செய்யலாம். அச்சு வரிசையில் தேங்கி நிற்கும் பழைய கோப்புகளையும் நீக்கவேண்டும். ஒரே அச்சுப்பொறி இரண்டு பெயர்களில் காணப்பட்டால், பழைய பதிவே இயல்பு அச்சுப்பொறியாகத் தொடர்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

2010 இல் ஆப்பிள் நிறுவனம் வெளியிட்ட ஏர்பிரிண்ட் போன்ற முறைகள் முகவரியை நம்பியிராமல் அச்சுப்பொறியைப் பெயரால் தேடிக் கண்டுபிடிக்கின்றன. எனவே கணினி அச்சிட மறுக்கும்போதும் ஐபோனில் இருந்து அச்சிட முடியலாம். அவ்வாறு அச்சிட முடிந்தால், குறை கணினியின் பதிவில்தான் உள்ளது என்பது உறுதியாகும்.

ஒரே வீட்டில் இரு வலையமைப்புகள்

ஒளியிழை இணைப்புடன் சேவை வழங்குனர் தரும் கருவியிலேயே பெரும்பாலும் வைஃபை வசதி இருக்கும். அதனுடன் பழைய திசைவியையும் இணைத்து வைத்தால், வீட்டில் இரண்டு வலையமைப்புகள் உருவாகலாம். அச்சுப்பொறி ஒன்றிலும் கணினி மற்றொன்றிலும் இருந்தால், இரண்டிலும் இணையம் தடையின்றிக் கிடைத்தாலும் அச்சிட முடியாமல் போகும். இரண்டு கருவிகளையும் ஒரே வலையமைப்பில் இணைக்கலாம்; அல்லது பழைய திசைவியை அணுகுபுள்ளி நிலைக்கு மாற்றலாம்.

விருந்தினர் வலையமைப்பும் இதே குறையை உண்டாக்கும். அதில் இணைந்துள்ள கருவிகள் பாதுகாப்பு கருதி ஒன்றையொன்று அணுகாதவாறு பிரிக்கப்பட்டிருக்கும். அலுவலக மடிக்கணினிகளில் இயங்கும் விபிஎன் மென்பொருளும் உள்ளக வலையமைப்பை மறைக்கக்கூடும். அதைச் சற்று நேரம் துண்டித்துச் சோதிக்கலாம்.

முன்னெச்சரிக்கைகள்

- திசைவியில் அச்சுப்பொறியின் மேக் முகவரிக்கு ஓர் ஐபி முகவரியை ஒதுக்கி வைத்தால், அத்திசைவி பயன்பாட்டில் உள்ளவரை முகவரி மாறாது.

- டபிள்யூஇபி என்னும் பழைய முறையின் குறைபாடுகள் 2001 ஆம் ஆண்டிலேயே ஆய்வாளர்களால் வெளிப்படுத்தப்பட்டன. அம்முறையை மட்டும் அறிந்த அச்சுப்பொறிக்காக வீட்டின் முழு வலையமைப்பையும் அந்நிலைக்கு இறக்குதல் தீங்கானது. அவ்வச்சுப்பொறியை யூஎஸ்பி வடத்தின் மூலம் பயன்படுத்தலாம்.

- அச்சுப்பொறியை விற்கும் முன்போ பிறருக்குக் கொடுக்கும் முன்போ அதைத் தொழிற்சாலை நிலைக்கு மீட்டமைக்க வேண்டும். இல்லையேல் வீட்டின் வைஃபை கடவுச்சொல் அதன் நினைவகத்திலேயே தங்கியிருக்கும்.

- அவசரமாக அச்சிடவேண்டிய வேளையில், யூஎஸ்பி வடமோ அச்சுப்பொறி தானே உருவாக்கும் வைஃபை டைரக்ட் வலையமைப்போ கைகொடுக்கும். இவ்விரண்டிற்கும் திசைவி தேவையில்லை. இவ்வழிகளில் அச்சிட முடிந்தால், அச்சுப்பொறி நல்ல நிலையில் உள்ளது என்பதும் புதிய கருவி வாங்கத் தேவையில்லை என்பதும் தெளிவாகும்.