46 கி.மீ. தூரத்துக்கு 250 பாலங்கள்! ஊட்டி மலை ரயில் பாதையை மழை நிறுத்துவது ஏன்?

மேட்டுப்பாளையம் - ஊட்டி மலை ரயில் பாதையின் நீளம் வெறும் 46 கி.மீ.தான். அதற்குள் 250 பாலங்கள், 16 சுரங்கங்கள், 208 வளைவுகள். கணக்குப் போட்டால் கிலோமீட்டருக்கு 5 பாலத்துக்கு மேல் வருகிறது. இத்தனை பாலங்கள் எதற்கு?

முதல் பெரிய பாலம் சமவெளியிலேயே வந்துவிடும். மேட்டுப்பாளையம் ஸ்டேஷனை விட்டுக் கிளம்பிய கொஞ்ச நேரத்தில் ரயில் பவானி ஆற்றைக் கடக்கிறது. கல்லாறு, குன்னூர் ஆறு, பெயரே இல்லாத நூற்றுக்கணக்கான ஓடைகள் என்று இந்தப் பக்கச் சரிவில் இறங்கும் தண்ணீர் கடைசியில் வந்து சேர்வது பவானியில்தான். ரயில் பாதை அந்தச் சரிவிலேயே ஏறுவதால், ஒவ்வொரு ஓடையையும் தாண்டியாக வேண்டும். அதனால்தான் 250. அத்தனையும் சினிமாவில் வருகிற மாதிரி உயரமான பாலங்கள் என்று நினைத்துவிட வேண்டாம். பெரும்பாலானவை ஓடைத் தண்ணீருக்கு வழிவிடும் சின்னப் பாலங்கள்தான். அடர்லி பகுதியில் இருப்பது போன்ற உயரமான பாலங்கள் குறைவு.

45 வருட இழுபறி

மலைக்கு ரயில் விடும் யோசனை 1854-லேயே வந்துவிட்டது. வேலை தொடங்கியது 1891-ல்தான். கட்ட வந்த முதல் கம்பெனி பாதியிலேயே திவாலாக, அடுத்த கம்பெனி வேலையைத் தொடர்ந்தது. 1899 ஜூனில் குன்னூர் வரை ரயில் ஓடியது. ஊட்டியைத் தொட 1908 ஆகிவிட்டது.

பல் சக்கரம் எங்கே?

கல்லாறில் இருந்து குன்னூர் வரையிலான சுமார் 20 கி.மீ. தூரத்தில் ரயில் ஏறும் உயரம் ஏறக்குறைய 1,300 மீட்டர். செங்குத்தான இடங்களில் பன்னிரண்டரை மீட்டர் போனால் ஒரு மீட்டர் ஏற வேண்டும். சாதாரண சக்கரம் வழுக்கிவிடும். அதனால் இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே பல் வைத்த இரும்புப் பட்டைகள் பதிக்கப்பட்டிருக்கின்றன. இன்ஜினின் பல் சக்கரம் அதைக் கவ்விக்கொண்டு ஏறும். 'ஆப்ட்' என்ற சுவிஸ் முறை இது. இந்தப் பகுதியில் வரும் பாலங்களின் மீதும் பல் பட்டை தொடர்ந்து போகும். இன்ஜின் முன்னால் நின்று இழுக்காது, பின்னால் இருந்து தள்ளும். ஒவ்வொரு பெட்டியிலும் பிரேக் போட ஓர் ஊழியர் நிற்பார்.

மழை வந்தால் என்ன ஆகும்?

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை கொட்டும்போது சிக்கல் தொடங்கும். ஓடையில் தண்ணீர் மட்டும் வந்தால் பாலத்துக்குக் கீழே போய்விடும். மண்ணும் பாறையும் மரமும் சேர்ந்து வந்தால் பாலத்தின் வாய் அடைத்துக்கொள்ளும். தண்ணீர் தண்டவாளத்தின் மேல் ஏறி, அடியில் இருக்கும் ஜல்லியை அரித்துவிடும். தண்டவாளம் அந்தரத்தில் தொங்கும் படங்களை டிவியில் பார்த்திருப்பீர்கள், அது இப்படி நடப்பதுதான்.

2009 நவம்பரில் நீலகிரியில் ஏற்பட்ட நிலச்சரிவில் 40-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்து நாலே வருடத்தில், மலை ரயில் மாதக்கணக்கில் நின்றுபோனது. சரிவு அதிகம் விழுவது கல்லாறு - குன்னூர் இடையேதான். அதனால் மேட்டுப்பாளையம் ரயில் ரத்தானாலும் குன்னூர் - ஊட்டி ரயில் பெரும்பாலும் ஓடும். அங்கே பல் சக்கரம் கிடையாது, டீசல் இன்ஜின்தான். மழை மாதங்களில் டிக்கெட் எடுத்தவர்கள், சென்னையில் நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறுவதற்கு முன்பே ரத்து அறிவிப்பு வந்திருக்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது.