தாத்தாவோட பதக்கம் ஒரிஜினலா? விளிம்பைப் பாருங்க!

பௌர்ணமிக்கு திருவண்ணாமலை போறீங்க. 14 கிலோமீட்டர் கிரிவலம் முடிச்சுட்டு, காலையில பக்கத்து கிராமத்துல பாட்டி வீட்டுல ரெஸ்ட். பரண்ல கிடந்த டிரங்குப் பெட்டியைத் திறந்தா, பழைய பத்திரங்களுக்கு அடியில ஒரு துணி முடிச்சு. உள்ளே கறுத்துப்போன ஒரு வெள்ளி வட்டம். ஒரு பக்கம் ராஜா தலை, இன்னொரு பக்கம் குதிரையில ஒரு ஆள். “உங்க கொள்ளுத்தாத்தா பட்டாளத்துல வாங்கினதுடா”ங்கறாங்க பாட்டி. “வெள்ளிதானே, கடையில போட்டுக் காசாக்கிடலாம்”ங்கறார் மாமா.

மாமாவைக் கொஞ்சம் நிறுத்துங்க. அந்த வட்டத்தைச் செங்குத்தா நிமிர்த்தி, விளிம்பைப் பாருங்க. அங்கே ஆங்கிலத்துல பொடி எழுத்துல ஒரு பெயர் இருந்தால், உங்க கையில இருக்கறது வெறும் வெள்ளி இல்லை. நூறு வருஷத்துக்கு முன்னாடி இந்த ஊர்ல இருந்து கப்பல் ஏறிப் போன ஒருத்தரோட அடையாள அட்டை.

இங்கே எப்படி வந்தது?

திருவண்ணாமலை 1989 வரைக்கும் வட ஆற்காடு மாவட்டத்தோட இருந்த ஊர். அந்தப் பக்கம் பட்டாளத்துக்குப் பேர்போனது. வேலூர் அருகே இருக்கிற கம்மவான்பேட்டையை ‘ராணுவப்பேட்டை’ன்னே சொல்வாங்க. வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. இந்த ஊரிலிருந்து 277 பேர் முதல் உலகப்போருக்குப் போனார்கள், 14 பேர் உயிர் கொடுத்தார்கள் என்கிறது அது. ஆனால் அந்த 277 பேரில் ஒருவர் பெயர்கூட அந்தக் கல்லில் இல்லை. பெயர் இருப்பது அவர்களுக்குத் தந்த பதக்கங்களின் விளிம்பில்தான்.

முதல் உலகப்போரில் 10 லட்சத்துக்கும் அதிகமான இந்தியர்கள் கடல் கடந்து போனார்கள். இரண்டாம் போரில் இந்திய ராணுவத்தின் எண்ணிக்கை சுமார் 25 லட்சம். சிப்பாய் மட்டுமல்ல, சமையல்காரர், தண்ணீர் சுமந்தவர், காயம்பட்டவர்களைத் தூக்கிச் சென்றவர் என்று பலருக்கும் பதக்கம் கிடைத்தது. அதனால் உங்க வீட்டுப் பெட்டியில் ஒன்று இருப்பது அதிசயமே இல்லை.

உங்க கையில இருக்கறது எது?

* பிரிட்டிஷ் வார் மெடல்: முதல் உலகப்போருக்கானது. வெள்ளி, 36 மில்லிமீட்டர் அகலம். ஒரு பக்கம் ஐந்தாம் ஜார்ஜ், மறுபக்கம் குதிரை வீரன், 1914, 1918 என்ற ஆண்டுகள். ரிப்பனில் நடுவே ஆரஞ்சு, ஓரத்தில் நீலம். இதே பதக்கம் வெண்கலத்திலும் உண்டு. லேபர் கோர் எனப்பட்ட கூலிப்படைகளில் போனவர்களுக்குத் தரப்பட்டது. “வெள்ளியா இல்லையே, அப்போ டூப்ளிகேட்”னு தூக்கிப் போட்டுடாதீங்க. வெள்ளியைவிட வெண்கலம்தான் அரிது.
* விக்டரி மெடல்: மஞ்சள் நிற வெண்கலம். இறக்கை விரித்த பெண் உருவம், வானவில் ரிப்பன். பெரும்பாலும் வார் மெடலோடு ஜோடியாக வரும்.
* 1914-15 ஸ்டார்: நட்சத்திர வடிவம். பெயர் விளிம்பில் இருக்காது, தட்டையான பின்பக்கத்தில் இருக்கும்.
* இரண்டாம் உலகப்போர் நட்சத்திரங்கள்: பர்மா ஸ்டார், ஆப்பிரிக்கா ஸ்டார், இத்தாலி ஸ்டார் போன்றவை. ஆறு முனை கொண்டவை. எந்தப் போர்முனைக்குப் போனார் என்பதை பதக்கமே சொல்லிவிடும்.
* இந்தியா சர்வீஸ் மெடல்: பின்னால் இந்திய வரைபடமும் 1939-45 என்ற ஆண்டும் இருக்கும். பார்க்க வெள்ளி மாதிரி பளபளக்கும். ஆனால் செம்பும் நிக்கலும் கலந்த உலோகம். உருக்கினால் ஒன்றும் தேறாது.

பல்கேரிய மன்னருக்கும் நம்ம சிப்பாய்க்கும் என்ன வித்தியாசம்?

பழைய பதக்கம் சேகரிப்பது உலகம் முழுக்க இருக்கும் பொழுதுபோக்கு. அதில் பல்கேரிய அரச விருதுகளுக்குத் தனி மவுசு. 1880-ல் தொடங்கிய வீரச் சிலுவை, 1881-ல் வந்த புனித அலெக்சாண்டர் விருது என்று எனாமல் வேலைப்பாட்டோடு நகை மாதிரியே இருக்கும். 1946-ல் அங்கே மன்னராட்சி முடிந்துபோனது. அதோடு அந்த விருதுகளின் காலமும் முடிந்தது.

ஆனால் அவற்றில் பொதுவாக வாங்கியவர் பெயர் இருக்காது. அதனால் ஒரிஜினலா என்று பார்க்க எனாமல் தரம், வெள்ளி முத்திரை, வியன்னாவின் ரோதே போன்ற தயாரிப்பாளரின் குறி, பெட்டி, சான்றிதழ் என்று ஒவ்வொன்றாகத் தேட வேண்டும். அது யார் மார்பில் இருந்தது என்பது பெரும்பாலும் தெரியாமலே போய்விடும்.

நம்ம பதக்கம் அப்படி இல்லை. எண், பதவி, பெயர், படைப்பிரிவு எல்லாம் அதிலேயே இருக்கும். இன்னொரு சுவாரஸ்யம்: இரண்டாம் உலகப்போர் பதக்கங்களை பிரிட்டன் தன் ராணுவ வீரர்களுக்குப் பெயர் இல்லாமலே கொடுத்தது. இந்திய வீரர்களுக்கு வந்தவற்றில் பெயர் பொறிக்கப்பட்டது. நம்ம ஊர் பர்மா ஸ்டாரில் பெயர் இருந்தால் சந்தோஷப்படுங்க. இல்லாவிட்டால் கொஞ்சம் யோசிங்க.

ஒரிஜினலா? 5 சோதனைகள்

1. எழுத்து: போன் கேமராவை மேக்ரோ மோடில் வைத்து, டார்ச் வெளிச்சத்தைச் சாய்வாக அடியுங்க. அசல் எழுத்துகள் அச்சால் அழுத்திப் பதித்தவை. எழுத்தைச் சுற்றி உலோகம் லேசாக எழும்பியிருக்கும். எல்லா எழுத்தும் ஒரே நேர்கோட்டில் இருக்காது. லேசரில் செதுக்கியது ஆழமில்லாமல், கம்ப்யூட்டர் எழுத்து மாதிரி ‘நீட்’டா இருக்கும்.

2. விளிம்பு: பழைய பெயரை அரத்தால் ராவிவிட்டு புதுப் பெயர் பொறிப்பது பழைய தில்லுமுல்லு. பிரபலமான படைப்பிரிவின் பெயர் போட்டால் விலை ஏறும் என்பதுதான் காரணம். வெர்னியர் காலிப்பரால் நாலைந்து இடத்தில் அளந்து பாருங்க. 36 மில்லிமீட்டர் இருக்க வேண்டியது ஓரிடத்தில் மட்டும் குறைந்தால், அங்கே அரம் பட்டிருக்கிறது.

3. உருவம்: அசல், அச்சில் அடித்தது. ராஜாவின் தாடி மயிர்கூடத் தெளிவாகத் தெரியும். அசலை வைத்து அச்செடுத்து வார்த்த போலியில் கோடுகள் மழுங்கி, சின்னச் சின்னக் கொப்புளம் தெரியும். உலோகம் ஆறும்போது சுருங்குவதால் அளவும் கொஞ்சம் குறையும். ஆனால் சட்டையில் தேய்ந்து மழுங்கியதும் உண்டு. தேய்மானம் மேடான இடத்தில் மட்டும் இருக்கும். போலியில் பள்ளத்திலும் தெளிவு இருக்காது.

4. காந்தம்: மேலே சொன்ன எந்தப் பதக்கமும் காந்தத்தில் ஒட்டாது. ஒட்டினால் அத்தோடு பேச்சை முடிச்சுக்கலாம். ஒட்டாததாலேயே அசல் என்று அர்த்தமில்லை.

5. ரிப்பன்: கள்ள நோட்டு பார்க்கும் யூவி லைட்டை இருட்டில் அடியுங்க. இந்தக் காலத்து நூல் பளிச்சென்று ஒளிரும், பழைய பருத்தியோ பட்டோ பொதுவாக ஒளிராது. பாட்டி சோப்புத்தூள் போட்டுத் துவைத்திருந்தால் பழையதும் ஒளிரும்! பதக்கத்தை அப்படியே வைத்துக்கொண்டு ரிப்பனை மட்டும் மாற்றியவர்களும் உண்டு. அதனால் ரிப்பனை மட்டும் நம்பித் தீர்ப்பு சொல்லாதீங்க.

எந்தச் சோதனையும் தனியாகப் போதாது. அஞ்சும் ஒரே பக்கம் கை காட்டினால்தான் நம்பலாம். ராணுவத்தில் இருந்தவர்கள் தொலைந்த பதக்கத்துக்குப் பதிலாக, சீருடையில் குத்திக்கொள்ள நகல் வாங்குவதும் உண்டு. அது மோசடி இல்லை. நகலை அசல் என்று விற்றால்தான் மோசடி.

பெயரைத் தேடுங்க

விளிம்பில் படைப்பிரிவின் சுருக்கப் பெயர் இருக்கும். முதல் உலகப்போர் பதக்கத்தில் ‘2 கியூ.வி.ஓ. எஸ் அண்ட் எம்’ என்றிருந்தால், அவர் மெட்ராஸ் சப்பர்ஸ். பாலம் கட்டுவது, கண்ணிவெடி எடுப்பது என்று ராணுவத்தின் இன்ஜினீயர் படை. பெங்களூரில் அவர்களுக்கு மியூசியம் இருக்கிறது. மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் நீலகிரியில் இருக்கும் வெலிங்டன்.

பெயரை எழுதியது அன்றைய ராணுவ கிளார்க். முனுசாமி அவர் காதில் எப்படி விழுந்ததோ, அப்படித்தான் எழுதியிருப்பார். கோவிந்தசாமி, சின்னசாமி எல்லாம் ஆங்கிலத்தில் நாலைந்து விதமாக வரும். எல்லா ஸ்பெல்லிங்கிலும் தேடுங்க. பெயரைவிட எண்தான் உறுதியான ஆதாரம்.

அவர் போரில் இறந்தவர் என்றால், காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் இலவசமாகத் தேடலாம். பர்மாவில் இறந்து, கல்லறை தெரியாதவர்கள் சுமார் 27,000 பேரின் பெயர்கள் ரங்கூன் நினைவுச்சின்னத்தில் இருக்கின்றன. சென்னை நந்தம்பாக்கம் போர்க் கல்லறையிலும் முதல் உலகப்போர் நினைவுப் பெயர்கள் உண்டு. வீரதீர விருது என்றால் லண்டன் கெசட்டைப் பாருங்க, அதுவும் ஆன்லைனில் இலவசம். சுதந்திரத்துக்குப் பிறகு தந்த விருதுகளுக்கு நம் பாதுகாப்பு அமைச்சகத்தின் தனி இணையதளமே இருக்கிறது. ‘அமரன்’ படம் பார்த்துவிட்டு மேஜர் முகுந்த் வரதராஜனின் அசோக சக்ரா பற்றித் தேடியவர்கள் அதைப் பார்த்திருப்பீங்க.

பெயர்தான் பாதுகாப்பும்

சுபேதார் சுப்பிரமணியன், மெட்ராஸ் சப்பர்ஸ் படையைச் சேர்ந்த தமிழர். 1944 பிப்ரவரியில் இத்தாலியின் மிக்னானோவில் கண்ணிவெடி அகற்றும்போது, வெடிக்கப்போகும் வெடியின் மீது தானே விழுந்து மற்றவர்களைக் காப்பாற்றினார். அவருக்கு இறப்புக்குப் பின் ஜார்ஜ் கிராஸ் கொடுத்தார்கள். அந்த வெள்ளிச் சிலுவையின் பின்பக்கம் வாங்கியவரின் பெயரைப் பொறித்துத்தான் தருவார்கள்.

அதே விருதைப் பெற்றவர் இமாச்சலப் பிரதேசத்தின் நாயக் கிர்பா ராம். 1945-ல் கிரெனேட் பயிற்சியின்போது மற்றவர்களைக் காப்பாற்றி உயிர் விட்டார். அவர் மனைவி பிரம்மி தேவி அந்தப் பதக்கத்தைப் பல பத்தாண்டுகள் பாதுகாத்தார். 2002-ல் அது திருடு போனது. 2009-ல் லண்டனில் ஏலத்துக்கு வந்தது. பெயர் இருந்ததால் யாருடையது என்று அடையாளம் தெரிந்து, ஏலம் நிறுத்தப்பட்டது. 2015-ல் அந்த முதிய விதவையின் கைக்கே அது திரும்பி வந்தது.

நீங்க காசு கொடுத்து வாங்கிச் சேகரிக்க நினைத்தால் இந்தக் கதையை மறக்காதீங்க. யாரிடம் வாங்குகிறீர்கள், அவருக்கு எப்படிக் கிடைத்தது என்று கேளுங்க. ரசீது வாங்குங்க. பதில் மழுப்பலா வந்தா, விலை எவ்வளவு குறைவா இருந்தாலும் வேண்டாம்.

இதெல்லாம் செய்யாதீங்க

* தேய்க்காதீங்க. விபூதி, புளி, பற்பசை, வெள்ளி பாலிஷ் எதுவும் கூடாது. தேய்க்கத் தேய்க்க எழுத்து போகும். மெல்லிய பருத்தித் துணியால் தூசி தட்டி, அமிலமில்லாத பேப்பரில் சுற்றி வைத்தால் போதும்.
* பிரிக்காதீங்க. வெள்ளியை மட்டும் கடையில் போட்டுவிட்டு விக்டரி மெடலை வைத்துக்கொள்வது நிறைய வீடுகளில் நடக்கிறது. ஜோடி பிரிந்தால் திரும்பச் சேர்வது அபூர்வம்.
* வெளிநாட்டுக்கு அனுப்பாதீங்க. 1972-ம் ஆண்டு தொல்பொருள் சட்டப்படி, 100 வருஷம் தாண்டிய வரலாற்றுப் பொருளைத் தனிநபர் ஏற்றுமதி செய்ய முடியாது. முதல் உலகப்போர் பதக்கங்கள் அந்த வயதைத் தொட்டுவிட்டன.
* மாட்டிக்கொண்டு ராணுவ வீரர் மாதிரி நடிக்காதீங்க. அப்படி நம்பவைக்கும் நோக்கில் ராணுவ உடையோ சின்னமோ அணிவது குற்றம். ரீல்ஸுக்கும் வேண்டாமே.

மாமாவுக்கு என்ன பதில்?

உண்மையைச் சொல்லணும்னா, சாதாரண வார் மெடல் ஒன்றுக்குப் பெரிய விலை எல்லாம் கிடைக்காது. லட்சக்கணக்கில் அச்சடித்தது அது. வெள்ளி விலை ஏறும்போது சேகரிப்பவர் தரும் விலையும் உருக்குபவர் தரும் விலையும் கிட்டத்தட்ட ஒன்றாகிவிடும். ஆபத்தே அங்கேதான். 1980-ல் வெள்ளி விலை எகிறியபோது உலகம் முழுக்க இப்படி உருகிப்போன பதக்கங்கள் ஏராளம்.

அதனால மாமாகிட்ட விலை பேசாதீங்க. விளிம்பில் இருக்கிற பெயரைப் படிச்சுக் காட்டுங்க. பாட்டிக்குத் தெரிஞ்ச கதையை, அவங்க குரல்லயே இன்னிக்கே போன்ல ரெக்கார்ட் பண்ணுங்க. பதக்கத்தை நாலு பக்கமும் படம் எடுத்து, எண்ணோட சேர்த்துக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல போடுங்க. நாளைக்குத் தொலைஞ்சாலும் தேட அது உதவும்.

ஊர் மணிக்கூண்டு அவரை ஒரு எண்ணாகத்தான் எண்ணியிருக்கு. பெயரோட சேர்த்து வெச்சிருக்கறது உங்க வீட்டு டிரங்குப் பெட்டி மட்டும்தான்.