பானட்டுக்கு அடியில் ஒரு ரப்பர் சரித்திரம்

பெங்களூர் ஜே.சி.ரோட்டில் டவுன் ஹாலில் இருந்து மினர்வா சர்க்கிள் வரை நடந்து பாருங்கள். சென்னைக்காரர்களுக்கு ஜி.பி.ரோடு எப்படியோ, இங்கே இது. சிவப்பும் நீலமுமாய் சிலிக்கான் ஹோஸ், பளபளக்கும் கிளிப், குரோம் மூடி என்று இன்ஜினுக்கு கல்யாண அலங்காரமே செய்துவிடலாம். பழைய காரை அப்படிச் சிங்காரித்து வைத்திருக்கும் நண்பர்கள் எனக்கும் உண்டு. ஆசையில் தப்பில்லை. ஆனால் அந்தக் குழாய்களின் கதை தெரிந்தால், முதலில் எதை மாற்றுவது என்பது கொஞ்சம் மாறும்.

ஆரம்ப காலக் கார்களில் துணி சுற்றிய இயற்கை ரப்பர் குழாய்தான். சூட்டில் வெடிக்கும், எண்ணெய் பட்டால் ஊதிப்போகும். அதை இறுக்கிப் பிடிக்க ஒழுங்கான வழியும் இல்லை. 1921-ல் லம்லி ராபின்சன் என்ற பிரிட்டிஷ் கடற்படைக்காரர் திருகு வைத்த 'ஜூபிலி கிளிப்'பைக் கொண்டுவந்தார். இன்றும் மெக்கானிக் கேட்கும் 'ஹோஸ் கிளிப்' அதன் வாரிசுதான். 1931-ல் டூபாண்ட் கம்பெனி நியோப்ரீன் என்ற செயற்கை ரப்பரை அறிவித்தது. அதற்குப் பிறகு வேலைக்கொரு ரப்பர் என்றாகிவிட்டது. கூலன்டுக்கு ஈ.பி.டி.எம், பெட்ரோலுக்கு நைட்ரைல். இரண்டும் கறுப்பு, பார்த்தால் வித்தியாசமே தெரியாது. வம்பே அங்கேதான்.

பெங்களூருக்கு இதில் தனி விசேஷம் உண்டு. ஊர் சுமார் 920 மீட்டர் உயரம், இங்கே தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடி பிரஷர் குக்கர் வெயிட் மாதிரி அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால், கொதிநிலை சுமார் 20 டிகிரி கூடுகிறது. (1990களில் ஜெனரல் மோட்டார்ஸுக்கே ரேடியேட்டர் மூடி செய்து அனுப்பியது நம்ம சுந்தரம் ஃபாஸ்னர்ஸ்!) அந்த அழுத்தம் முழுக்க ஹோஸின் மேல்தான். ஊருக்குப் போய்விட்டு குழந்தைகளோடு திரும்பும்போது தொப்பூர் ஏற்றத்தில் கிழிந்தால் நடுரோட்டில் நிற்க வேண்டியதுதான்.

இப்போதைய தலைவலி வேறு. எரிபொருள் மாறினால் வண்டியும் மாறியாக வேண்டும் என்பது பழைய பாடம். இரண்டாம் உலகப்போரில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தபோது டி.வி.சுந்தரம் ஐயங்கார் வண்டி ஓட்ட 'டி.வி.எஸ். கேஸ் பிளான்ட்' உருவாக்கினார். நம் காலத்து மாற்றம் எத்தனால். 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோலை 2023 பிப்ரவரி 6 அன்று பிரதமர் தொடங்கி வைத்ததும் இதே பெங்களூரில்தான், இந்தியா எனர்ஜி வீக் விழாவில். 2023 ஏப்ரலுக்குப் பிறகு வந்த கார்களின் பாகங்கள் இதைத் தாங்கும். அதற்கு முந்தைய சில வண்டிகளில் ரப்பர் பாகங்களையும் கேஸ்கெட்டையும் மாற்ற வேண்டி வரலாம் என்று பெட்ரோலிய அமைச்சகமே 2025-ல் சொன்னது.

அப்பா ஓட்டிய மாருதியையோ பத்மினியையோ பாசத்தோடு வைத்திருப்பவர்கள் இங்கே நிறைய. பழைய நைட்ரைல் குழாய் எத்தனாலில் நாளடைவில் ஊறி, காய்ந்து, வெடிப்பு விடும். கூலன்ட் ஒழுகினால் வண்டி நிற்கும். சூடான இன்ஜின் மேல் பெட்ரோல் ஒழுகினால்? குரோம் மூடி அப்புறம், பெட்ரோல் லைன் முதலில்.

சிலிக்கான் ஹோஸ் கூலன்டுக்கு அருமை, பெட்ரோலுக்கு ஆகாது, கசியவிடும். பெட்ரோலுக்கு உள்பூச்சு ஃப்ளோரோ ரப்பராக இருக்க வேண்டும். குழாய் மேலேயே 'எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்9' என்று அச்சடித்திருக்கும், கண்ணாடி போட்டுக்கொண்டு படித்துப் பார்த்து வாங்குங்கள். டேங்க் பக்கத்தில் இருக்கும் சின்னத் துண்டையும் மறக்காமல் மாற்றச் சொல்லுங்கள், பாதி மெக்கானிக்குகள் அதை விட்டுவிடுவார்கள். "ரெண்டும் ஒண்ணுதான் சார்" என்று கூலன்ட் ஹோஸையே வெட்டி பெட்ரோல் லைனுக்குப் போட வந்தால், சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள் :-)