வீட்டின் ஓரங்கள்: குடியிருப்பு குறித்த வேதாகமச் சட்டங்கள்

கிறிஸ்தவப் போதனையில் வீடு என்றதும் குடும்ப ஜெபமும் பரலோக வாசஸ்தலமும்தான் முன்னே வந்து நிற்கின்றன. வேதாகமத்தின் சட்டப்பகுதிகளோ வீட்டின் ஓரங்களையே கூர்ந்து பார்க்கின்றன. மாடி விளிம்பு, வாசல், மதில் ஆகிய மூன்றிடத்திலும் உடைமையாளரின் உரிமை அயலாரின் உயிருக்கும் மானத்துக்கும் பிழைப்புக்கும் வழிவிடுகிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதலில் மாடி. தட்டையான கூரை அன்று புழங்கும் இடம். எரிகோவில் ராகாப் இஸ்ரவேலின் வேவுகாரரைச் சணல் தட்டைகளுக்குள் மறைத்ததும் அங்கேதான். புது வீடு கட்டுவோர் மாடிக்குக் கைப்பிடிச்சுவர் எழுப்பவேண்டும் என்கிறது உபாகமம் 22:8. ஒருவர் தவறி விழுந்தால் இரத்தப்பழி அவ்வீட்டைச் சேரும்.

அடுத்தது வாசல். கடன் கொடுத்தவர் அடகுப்பொருளை எடுக்க உள்ளே நுழையக்கூடாது. வெளியே நிற்கவேண்டும், கடன்பட்டவரே அதைக் கொண்டுவந்து தருவார் (உபாகமம் 24:10-11). பணத்தின் அதிகாரம் ஏழையின் வாசற்படியோடு நின்றுவிடுகிறது.

மூன்றாவது மதில். மதில் சூழ்ந்த நகரத்தில் விற்ற வீட்டை ஓராண்டுக்குள் மீட்காவிட்டால் அது வாங்கியவருக்கே நிலைக்கும். மதிலில்லாத கிராமத்து வீடோ வயலோடு சேர்த்து எண்ணப்பட்டு, ஐம்பதாம் ஆண்டான யூபிலியில் உரியவரிடம் திரும்பும் (லேவியராகமம் 25:29-31). உழுபவருக்கு வீடும் நிலமும் ஒரே பிழைப்பு. அவற்றைப் பிரிக்க இச்சட்டம் இடந்தரவில்லை. நகரத்து ஏழைக்கு இதில் பாதுகாப்புக் குறைவு என்பது மெய்யே. ஆனால் நகரத்து மாளிகையைத் தீர்க்கதரிசிகள் சும்மா விடவில்லை. கூலி கொடாமல் வேலைவாங்கி, கேதுருப் பலகை பதித்து, சிவப்பு வண்ணம் பூசிய யூதா அரசன் யோயாக்கீமின் அரண்மனையை எரேமியா 22 அநீதியின் கட்டடமாகவே காண்கிறது.

புதிய ஏற்பாடு வீட்டை விண்ணுக்கு ஏற்றிவிட்டதே எனச் சிலர் மறுக்கலாம். ஆனால் யோவான் 1:14இல் வார்த்தையானவர் மனிதரிடையே வாசம்பண்ணியதைச் சொல்லும் கிரேக்க வினை, கூடாரம் என்ற சொல்லிலிருந்து பிறந்தது. அந்த வாசம் மண்ணில், மனிதர் நடுவே நிகழ்ந்தது. ஆதிச் சபையும் வீடுகளில்தான் கூடியது. யூப்ரடீஸ் கரையிலுள்ள துரா யூரோப்போஸில் கி.பி. 240ஐ ஒட்டி ஒரு குடியிருப்பு வீடு ஆலயமாக மாறியது. இரண்டு அறைகளுக்கு நடுவேயிருந்த சுவரை இடித்தே சபை கூடும் இடத்தை உண்டாக்கினார்கள். விண்ணக வீட்டை நம்பியவர்கள் மண்ணிலிருந்த வீட்டைப் பிறருக்காகத் திருத்திக் கட்டியதற்கு அந்த இடிபாடு சாட்சி.

நம் சபையார் வீடுகளில் முன்னறைச் சுவரில் வசன அட்டை தொங்குகிறது. வாடகைக்கு இடம் கேட்டு வருபவரிடம் சாதி விசாரிக்கும் வீடுகளும் அவற்றில் உண்டு. மேற்கண்ட சட்டங்களின்படி, அவ்வீடுகளை அளக்கவேண்டியது வாசலில் வைத்துத்தான்.