சிறப்புப் பள்ளித் தெரிவும் மொழியும்: காது கேளாதோர் கல்வி வரலாற்றில் ஒரு நோக்கு

0. முன்னுரை

பார்வையற்ற குழந்தைக்குப் பள்ளி தேடும் பெற்றோர் பிரெயில் எழுத்தையும் அதில் பயிற்சி பெற்ற ஆசிரியரையும் தேடுகின்றனர். வீட்டில் பேசப்படும் மொழி அக்குழந்தைக்கு ஏற்கெனவே கிடைத்திருக்கும். காது கேளாமல் பிறந்த குழந்தையின் நிலை வேறு. இத்தகைய குழந்தைகளுள் மிகப் பெரும்பாலோர் கேட்கும் பெற்றோருக்குப் பிறந்தவர்கள். வீட்டு மொழி அவர்கட்கு இயல்பாக எட்டுவதில்லை. ஆதலின் முதல் மொழியைப் பெறும் இடமாகப் பள்ளியே அமைந்துவிடுதல் உண்டு. மொழியைப் பெறுதற்குரிய இளம்பருவம் வீணே கழியுமாயின் அவ்விழப்பைப் பின்னர் ஈடுசெய்தல் அரிது. இக்குழந்தையைப் பொறுத்தவரை பள்ளித் தெரிவு என்பது மொழித் தெரிவே ஆகும். இந்தியாவில் அத்தெரிவு யார் கையில் இருந்தது, 2016ஆம் ஆண்டுச் சட்டம் அதனை யாருக்கு வழங்கியது, அச்சட்டத் தொடரை மொழிபெயர்க்கையில் எழும் சிக்கல் யாது என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

1. முதற் பள்ளிகளும் வாய்மொழி முறையும்

1880ஆம் ஆண்டு இத்தாலியின் மிலான் நகரில் காது கேளாதோர் கல்வி பற்றிய பன்னாட்டு மாநாடு கூடியது. வாக்களித்தோருள் பெரும்பாலோர் கேட்கும் ஆசிரியர்களே. சைகையினும் பேச்சே உயர்ந்தது என்றும், வாய்மொழி முறையிலேயே கற்பித்தல் வேண்டும் என்றும் அம்மாநாடு தீர்மானித்தது. உதட்டசைவைக் கண்டு பேச்சை உணர்தலும் முயன்று ஒலித்தலும் இம்முறையின் இரு கூறுகள்.

இந்தியாவின் முதற் பள்ளிகள் இத்தீர்மானத்தை அடுத்த ஆண்டுகளில் தோன்றின. 1885இல் பம்பாயில் ஆயர் லியோ மியூரின் முயற்சியால் ஒரு பள்ளி தொடங்கப்பெற்றது. 1893இல் கல்கத்தாவில் ஒரு பள்ளி எழுந்தது. அதன் ஆசிரியர் யாமினிநாத் பானர்ஜி இங்கிலாந்துக்கும் அமெரிக்காவுக்கும் சென்று பயிற்சி பெற்றுத் திரும்பினார். அதே பத்தாண்டில் தெற்கே பாளையங்கோட்டையில் புளோரன்ஸ் சுவெய்ன்சன் அம்மையார் காது கேளாக் குழந்தைகளுக்குக் கற்பிக்கத் தொடங்கினார். பள்ளிகளின் எண்ணிக்கை மிகச் சிலவாக இருந்த அக்காலத்தில் பெற்றோர் தெரிவு செய்யும் நிலையில் இல்லை. இடம் கிடைத்த பள்ளியின் முறையே குழந்தையின் மொழியையும் முடிவு செய்தது.

அக்காலச் சொல்வழக்கும் இங்கு நோக்கத்தக்கது. கல்கத்தாப் பள்ளியின் ஆங்கிலப் பெயர் காது கேளாமையையும் ஊமையையும் இணைத்தே கூறிற்று. இந்தியில் 'மூக்-பதிர்' என்பதும் தமிழில் 'செவிட்டூமை' என்பதும் அத்தகைய இணைச்சொற்களே. கேளாமையோடு பேசாமையையும் ஒரே குறையாக இச்சொற்கள் கட்டின. பேசாமையே குறை எனின் பேச வைத்தலே கல்வி என்ற முடிவு எளிதிற் பிறந்தது. இன்று வழங்கும் 'செவித்திறன் குறைபாடு' என்னும் தொடர் இழிவை நீக்கியது. ஆயினும் அதுவும் செவியின் அளவையே சுட்டுகிறது. குழந்தையின் மொழியைச் சுட்டுவதில்லை.

2. வகுப்பறைக்கு வெளியே வளர்ந்த மொழி

வாய்மொழி முறை வகுப்பறையில் ஓங்கியிருந்த காலத்தும் விடுதிகளிலும் விளையாட்டிடங்களிலும் மாணவர் தமக்குள் சைகையாலேயே உரையாடினர். மூத்த மாணவரிடமிருந்து இளையோர் அதனைக் கற்றனர். பெற்றோரிடமிருந்து குழந்தைக்கு என்னும் வழக்கமான மொழிவழி இங்கு மாறி, குழந்தையிடமிருந்து குழந்தைக்கு எனச் சென்றது. ஆகவே சிறப்புப் பள்ளி, தான் கற்பிக்க மறுத்த மொழிக்கே பிறப்பிடமாகவும் காப்பிடமாகவும் விளங்கிற்று எனலாம்.

இம்மொழி 1970களின் பிற்பகுதியில்தான் மொழியியலாரின் முறையான ஆய்வுக்கு உட்பட்டது. மதன் வசிஷ்டா, ஜேம்ஸ் உட்வர்டு முதலியோர் தில்லி, கல்கத்தா, பம்பாய், பெங்களூர் ஆகிய நகரங்களின் சைகை வழக்குகளைத் தொகுத்து, அவை தம்முள் நெருங்கிய உறவுடையன என்று காட்டினர். பின்னர் உல்ரிக்கே செசான் இதன் இலக்கணத்தை விரிவாக ஆராய்ந்தார். பேச்சுமொழிகளால் பிரிந்து கிடக்கும் மாநிலங்களின் காது கேளாதோர் தம்முள் பெரிதும் உரையாட முடிவது இவ்வுறவின் பயனே.

இதன் நடைமுறைப் பொருள் பெரிது. வேலையின் பொருட்டு வேற்று மாநிலத்திற் குடியேறிய குடும்பத்தின் காது கேளாக் குழந்தை, வாய்மொழிப் பள்ளியில் அம்மாநில மொழியையே பேசக் கற்கும். வீட்டாரின் மொழி வேறாக நிற்கும். கல்வி வாரியங்கள் பல இக்குழந்தைகட்கு ஒரு மொழி போதும் என விலக்களித்துள்ளன. சுமையைக் குறைக்கும் இவ்விலக்கு, அந்த ஒரு மொழி எது என்னும் வினாவின் சுமையைக் கூட்டுகிறது.

3. சட்டச் சொற்கள்: 1974 முதல் 1995 வரை

குறைபாடுடைய குழந்தைகளைப் பொதுப் பள்ளிகளில் சேர்க்கும் ஒருங்கிணைந்த கல்வித் திட்டத்தை மைய அரசு 1974இல் தொடங்கியது. 1995ஆம் ஆண்டுச் சட்டம், ஒவ்வொரு குழந்தைக்கும் 18 வயது வரை தக்க சூழலில் இலவசக் கல்வி கிடைக்கச் செய்வதை அரசின் கடமையாக்கியது. பொதுப் பள்ளிகளில் ஒருங்கிணைத்தலையும், அரசுத் துறையிலும் தனியார் துறையிலும் சிறப்புப் பள்ளிகள் நிறுவுதலையும் அது ஒருங்கே கூறிற்று. ஆயின் 'தக்க சூழல்' எது என்று முடிவு செய்வோர் யார் என்பதை அத்தொடர் கூறவில்லை. வாக்கியத்தின் எழுவாய் அரசு. குழந்தை பெறுவோராக மட்டுமே நின்றது.

4. 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 31ஆம் பிரிவு

2016இல் இயற்றப்பெற்று 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் எழுவாய் மாறியது. 40 விழுக்காட்டிற்குக் குறையாத குறைபாடுடைய, 6 முதல் 18 வயது வரையிலான குழந்தைக்கு இலவசக் கல்வி உரிமை உண்டு. அதனை அருகமைப் பள்ளியிலோ சிறப்புப் பள்ளியிலோ தன் தெரிவுப்படி பெறலாம் என்பது 31ஆம் பிரிவின் கருத்து. ஆங்கில மூலத்தில் தெரிவைக் குறிக்கும் அடை இறுதியில், காற்புள்ளிக்குப் பின் நிற்கிறது. எனவே அது இருவகைப் பள்ளிகளையும் தழுவும்.

தமிழில் அடை முன்வருவது. பின்வரும் பெயர்ப்புகளை ஒப்பிடலாம்.

(1) தான் தெரிவு செய்யும் அருகமைப் பள்ளியில் அல்லது சிறப்புப் பள்ளியில்
(2) அருகமைப் பள்ளி, சிறப்புப் பள்ளி ஆகிய இரண்டனுள் தான் தெரிவு செய்யும் வகையில்
(3) அருகமைப் பள்ளியாயினும் சிறப்புப் பள்ளியாயினும் தான் தெரிவு செய்யும் பள்ளியில்

(1)இல் தெரிவு அருகமைப் பள்ளிக்கே உரியது என்றும், சிறப்புப் பள்ளி பிறர் அனுப்பும் இடம் என்றும் பொருள்கொள்ள இடமுண்டு. (2) வகையைத் தெரிவு செய்யும் உரிமையைத் தரும். அவ்வகையுள் இன்ன பள்ளி என்று கேட்கும் உரிமையை ஐயத்திற்குள்ளாக்கும். (3) இரண்டையும் காக்கிறது. வாய்மொழி முறைச் சிறப்புப் பள்ளியும் சைகைமொழிச் சிறப்புப் பள்ளியும் உள்ள ஊரில் இவ்வேறுபாடு வெறும் இலக்கண நுட்பம் அன்று. அது குழந்தை எம்மொழியில் வளரும் என்பதையே தீர்மானிக்கும்.

'தான்' என்னும் சொல் பற்றியும் ஒன்று கூறலாம். ஆங்கில மூலத்தின் ஆண்பாற் சுட்டு தமிழில் மறைந்துவிடுகிறது. அன்றியும், 'தான்' எழுவாயாகிய குழந்தையையே சுட்டும். நடைமுறையில் ஆறு வயதில் தெரிவு செய்வோர் பெற்றோரே. எனினும் 'பெற்றோர் விரும்பும் பள்ளி' என விளக்கிப் பெயர்த்தல் உரிமையை உரியவரிடமிருந்து பிறருக்கு மாற்றுவதாகும். காதும் கண்ணும் குறைந்தோர்க்கு மிகப் பொருத்தமான மொழிகளிலும் தொடர்பு முறைகளிலும் கல்வி அளிக்கப்பட வேண்டும் என்னும் 16ஆம் பிரிவோடு சேர்த்துப் படிக்கும்போது, பெற்றோரின் தெரிவும் குழந்தையின் மொழித் தேவையை அளவுகோலாகக் கொள்ள வேண்டும் என்பது பெறப்படும்.

5. முடிவுரை

2010இல் வான்கூவர் நகரில் கூடிய பன்னாட்டு மாநாடு மிலான் தீர்மானங்களை மறுத்து வருத்தம் தெரிவித்தது. 2015இல் தில்லியில் இந்தியச் சைகைமொழி ஆய்வு, பயிற்சி மையம் நிறுவப்பெற்றது. அதன் அகராதி 2018இல் 3,000 சொற்களோடு வெளிவந்து 2021இல் 10,000ஆக வளர்ந்தது. 2020ஆம் ஆண்டுக் கல்விக் கொள்கை இம்மொழியைத் தரப்படுத்துவதோடு வட்டாரச் சைகைமொழிகளை மதிக்கவும் கூறுகிறது. எனினும் ஆவணத்தில் உள்ள உரிமை, பள்ளி வாயிலில் நிற்கும் பெற்றோருக்கு அவர்தம் மொழியில் தெளிவாக எட்டினாலன்றிப் பயன்படாது. அப்பள்ளியில் சைகைமொழி அறிந்த ஆசிரியர் உளரா, காது கேளாத ஆசிரியர் எவரேனும் உளரா, மாணவர் தமக்குள் எம்மொழியில் உரையாடுகின்றனர் என்பவை அவர்கள் முதலிற் கேட்கவேண்டிய வினாக்கள். அவற்றைக் கேட்கும் உரிமை அவர்கட்கு உண்டு என்பதை ஐயமின்றிச் சொல்லும் தொடரை அமைத்துத் தருதல் மொழிபெயர்ப்பாளர் கடன்.