மூன்றில் ஒன்று கிளைசின்

திருச்சி ஜங்ஷனிலிருந்து ஸ்ரீரங்கம் போகும் ஒன்றாம் நம்பர் பஸ் ஒரு குருபரம்பரையை ஊடறுத்துக்கொண்டு போகிறது. மெயின்கார்டு கேட் பக்கம் புனித வளனார் கல்லூரி. ஜி.என். ராமச்சந்திரன் 1942இல் இயற்பியல் ஆனர்ஸ் முடித்தது அங்கேதான். காவிரிப் பாலம் ஏறி இறங்கினால் திருவானைக்காவல், 1888இல் சி.வி. ராமன் பிறந்த ஊர். பெங்களூருக்கு மின்பொறியியல் படிக்கப் போன ராமச்சந்திரனைத் தன் துறைக்கு இழுத்துக்கொண்டவர் ராமன். எஞ்சினியரிங் படித்தவன் என்ற முறையில் அந்தக் கடத்தலை நான் மன்னித்தாயிற்று.

ராமச்சந்திரன் 1952இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியரானார். அங்கே வந்த ஜே.டி. பெர்னல், கொலாஜனின் அமைப்பு இன்னும் தெளிவாகவில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். தோல், தசைநாண், எலும்பு எல்லாவற்றையும் தாங்கி நிற்கும் புரதம் கொலாஜன். மாதிரிகளுக்கு அலையவேண்டியிருக்கவில்லை, பக்கத்திலேயே மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் இருந்தது. 1954இல் அவரும் கோபிநாத் கர்த்தாவும் நேச்சர் இதழில் மூவிழை அமைப்பை முன்வைத்தார்கள். அடுத்த ஆண்டு அதைத் திருத்தி, மூன்று இழைகளும் ஒன்றையொன்று சுற்றி முறுக்கிக்கொள்ளும் வடிவத்தைக் கொடுத்தார்கள்.

இந்தக் கதையில் எக்ஸ்ரே படத்தைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். என் கவனம் போனது வேறொன்றின் மேல். கொலாஜனில் உள்ள அமினோ அமிலங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று கிளைசின் என்ற ஒற்றைக் கணக்கு, வேதியியலாளர்கள் எண்ணிக் கொடுத்தது. ராமச்சந்திரனின் மாதிரி அதன்மேல்தான் நிற்கிறது. சரி, அதை எப்படி எண்ணினார்கள்?

புரதத்தை அழித்துத்தான். செறிவான ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போட்டு, காற்றில்லாமல் மூடி, 110 டிகிரியில் ஒரு நாள் முழுக்க வேகவைப்பார்கள். சங்கிலி அறுந்து மணிகள் உதிரும். ஆனால் எல்லா மணியும் முழுசாக வராது. டிரிப்டோஃபேன் அநேகமாக முழுவதும் அழிந்துபோகும். செரினும் திரியோனினும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். ஆஸ்பராஜின் ஆஸ்பார்டிக் அமிலமாகவும், குளுட்டமின் குளுட்டாமிக் அமிலமாகவும் மாறிவிடும். கடைசியில் எது முதலிலிருந்தே அமிலம், எது இப்போது வேஷம் கட்டியது என்று பிரிக்கவே முடியாது. வாலினும் ஐசோலூசினும் அடுத்தடுத்து இருந்தால் பிணைப்பு லேசில் அறுபடாது, ஒரு நாள் போதாது. நேரத்தைக் கூட்டினால் வாலின் சரியாகும், செரின் இன்னும் குறையும். அதனால் 24, 48, 72 மணி நேரம் என்று தனித்தனியாக வேகவைத்து, அழிகிறவற்றுக்குக் கோட்டைப் பின்னோக்கி நீட்டிப் பூஜ்ஜிய நேரத்தின் அளவை ஊகிப்பார்கள். தாமதிப்பவற்றுக்கு 72 மணி நேர அளவையே எடுத்துக்கொள்வார்கள். ஒரே சோதனையில் இரண்டு நியாயம்!

டிரிப்டோஃபேன் கதை இன்னும் சுவாரசியம். 1901இல் ஹாப்கின்ஸும் கோலும் அதைப் பிரித்தெடுத்தது அமிலத்தை விட்டுவிட்டு, கணைய நொதியால் செரிக்கவைத்து. அதற்கு வழிகாட்டிய நிறச் சோதனையோ, அசெட்டிக் அமிலத்தில் கலந்திருந்த கிளையாக்ஸிலிக் அமிலம் என்ற அசுத்தத்தால்தான் நடந்துகொண்டிருந்தது. சுத்தமான அமிலத்தில் நிறமே வராது. கொலாஜனைக் கொதிக்கவைத்துக் கிடைக்கும் ஜெலட்டினில் டிரிப்டோஃபேன் நிஜமாகவே கிடையாது. ஆனால் அமிலச் சோதனையில் எந்தப் புரதத்துக்கும் அந்த இடத்தில் பூஜ்ஜியம்தான் வரும். இல்லாததால் வந்த பூஜ்ஜியமும், அழிந்ததால் வந்த பூஜ்ஜியமும் தாளில் ஒரே மாதிரி இருக்கும். மென்பொருள் வேலையில் இதே தலைவலியைத் தினமும் பார்க்கிறேன்.

வெந்தபின் நிறம் பார்க்க நின்ஹைட்ரின். மற்றவை ஊதாவாக மாற, கொலாஜனில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேலிருக்கும் புரோலினும் ஹைட்ராக்ஸிபுரோலினும் மஞ்சளாக வரும். ஊதாவை மட்டும் அளந்தால் அந்தப் பங்கு பெரும்பாலும் காணாமல் போய், கிளைசினின் விகிதம் உப்பித் தெரியும். போதாக்குறைக்கு மனித விரல் ரேகையிலேயே கிளைசினும் செரினும் இருக்கின்றன. குழாயை வெறுங்கையால் தொட்டால், ஆராய்ச்சியாளரே கொஞ்சம் முடிவில் கலந்துவிடுகிறார்.

இத்தனை ஓட்டைக்கு நடுவில் மூன்றில் ஒன்று ஏன் தாங்கியது? கிளைசின்தான் ஆகச் சிறிய அமினோ அமிலம், பக்கக்கிளை என்று அதற்கு ஒரேயொரு ஹைட்ரஜன். அமிலத்தில் உடைவதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை. அதே சிறுமைதான் முறுக்கின் நடுவிலும் தேவைப்பட்டது. மூன்று இழைகள் நெருங்கும் மையத்தில் வேறெதுவும் நுழையாது. ஆகவே ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் கிளைசின் என்று ராமச்சந்திரன் வைத்தார். இது துணிச்சல். ஏனென்றால் எண்ணிக்கை சராசரியைத்தான் சொன்னது, வரிசையைச் சொல்லவில்லை. பின்னாளில் வரிசையைப் படித்தபோது, முறுக்குப் பகுதி முழுக்க அப்படியே இருந்தது.

முதல் வகைக் கொலாஜனின் இழை ஒன்றில் அப்படி 338 மும்மைகள். அவற்றில் ஒரேயொரு கிளைசின் மாறினாலும், தொட்டால் எலும்பு முறியும் பிறவி நோய் வரலாம். சில குழந்தைகள் பிறந்த சில நாட்களில் இறந்துவிடுகின்றன. அந்த இழையை வேகவைத்து எண்ணினால் 338 என்பது 337 ஆகும். வித்தியாசம் 0.3 சதவீதம். நல்ல கருவியின் பிழையே அதைவிட அதிகம். அந்தக் குழந்தையின் கொலாஜனிலும் மூன்றில் ஒன்று கிளைசின் என்றுதான் தாள் சொல்லும். மாறிய அந்த ஒரு இடத்தைக் காட்ட மரபணுவை எழுத்தெழுத்தாகப் படிக்கும் காலம் வரவேண்டியிருந்தது.